வேலிக்கால்

நட்டேன் என்று சொன்னால் பொய்.
ஊன்றினேன், அவ்வளவுதான்.
மார்பளவு உயரம், மணிக்கட்டுப் பருமன்,
ஆற்றோரத்து நாரா மரத்தில் அறுத்த பச்சைக் கழி.
என் புருஷனின் பங்காளி செவெரினோ
இரவோடு இரவாக
எல்லைக் கல்லை நகர்த்தி வைத்த வாரம் அது.
கல் நகரும், கழி நகராது என்று
உலக்கையால் அதன் தலையில் நாலு போடு போட்டேன்.

காய்ந்து விறகாகும் என்றுதான் நினைத்தேன்.
மூன்றாம் வாரம் கழியின் விலாவில்
பருவைப் போல ஒரு பச்சை.
கிள்ளிப் போட்டேன்.
மறுபடி வந்தது,
இம்முறை இரண்டாக.
வேலிக்குக் கால் வைத்தேன்,
கால் வேர் வைத்துவிட்டது.

அதற்குப் பிறகு ஒரு கொடும் கோடை.
துணி அலசிய தண்ணீரைக்
கை தவறியதுபோல் அதன்மேல் கொட்டினேன்.
ஆடு கடிக்காமல் இருக்க
அடி போன மீன்கூடையை மாட்டிவிட்டேன்.
யாராவது கேட்டால்
வேலியைக் காப்பாற்றுகிறேன் என்றேன்.

தன் பக்கம் நீண்ட கிளையை அவன் கழித்தான்.
வெட்டிய இடத்தில் சிவப்பாய் வடிந்தது.
அரிவாளை இரண்டு முறை கழுவினான், பார்த்தேன்.
என் மகள் ரெமெடியோஸ் சிராய்களைப் பொறுக்கிக்
கண்ணாடித் தம்ளரில் ஊறப் போட்டாள்.
வெயிலில் வைத்தால் தண்ணீர் நீலம்.
வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தால்
வெறும் தேநீர் நிறம்.

பதினோராம் வருடம்
எல்லைக்கோடு என் இடுப்பளவு தடித்திருந்தது.
சோர்சோகோனிலிருந்து வந்த சர்வேயர்
மரத்துக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று
நாடாவைப் பிடித்தபடி சுற்றிச் சுற்றி வந்தார்.
கடைசியில் நிழலில் உட்கார்ந்து
பிலிக்கொட்டை உடைத்துத் தின்றுவிட்டுப் போனார்.
வெட்டலாம் என்றால்
வன அலுவலகத்து முத்திரை வேண்டுமாம்.
நிழல் காலையில் அவனுடையது.
அவன் பன்றிகள் அதில் படுத்துக் கிடக்கும்.
பிற்பகல் என்னுடையது.
அபாக்கா நார் சீவுவேன்,
அவன் வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

பதினைந்தாம் வருடம் ஏப்ரலில் பூத்தது.
நாற்பது நாள் வறட்சி, ஒரே ஒரு மழை,
பிறகு ஒரு விடியலில் மரம் முழுக்க மஞ்சள்.
தேனீ இரைச்சலில்
சேவல் கூவியதுகூடக் கேட்கவில்லை.
ஒரே நாள்.
மறுநாள் எல்லாம் தரையில்.
கல் இருந்த இடம், நான் சொன்ன இடம்,
அவன் சொன்ன இடம்,
மூன்றும் மஞ்சளுக்கு அடியில்.
செவெரினோ துடைப்பத்தோடு வந்தான். நானும்.
எது யாருடைய குப்பை என்று தெரியாமல்
இருவரும் கூட்டாமல் நின்றோம்.
சமாதானம் என்று இதை யாரும் எழுதிவிட வேண்டாம்.
ஒரு வார்த்தை பேசவில்லை.
பன்றி ஒன்று வந்து உருண்டுவிட்டுப் போனது.

காய்கள் வந்தன, சிறகு வைத்த சின்ன அப்பளங்கள்.
அவன் பேரன் அவற்றைக் காசாக வைத்துக் கடை நடத்தினான்.
காசு தீர்ந்தபோது
எங்கள் முற்றத்தில் வந்து கடன் கேட்டான்.

நவம்பர்ப் புயலில் பெருங்கிளை முறிந்து
அவன் பன்றிக் கொட்டகையில் விழுந்தது.
இனி வழக்குதான்.
பராங்காய்த் தலைவரிடம் சொல்ல வேண்டியதை
அடுப்பைப் பார்த்து ஒத்திகை பார்த்தேன்.
மூன்றாம் நாள் வந்தான்.
கூரை ஓட்டையைப் பற்றிப் பேச்சில்லை.
முறிந்த கிளையில் அறுத்த ஆறு கழிகள் தோளில்.
பாதையோரம் நிழலே இல்லையாம்.
வேலிக்கு அந்தப் பக்கமே நின்று
பதினைந்து வருடத்தில் முதல் கேள்வி கேட்டான்:
"இதில் எது தலை, எது கால்?"

தலைகீழாக ஊன்றினால் பட்டுப்போகும்.
அது தெரியாமலேதான்
அன்று நான் நேராக ஊன்றியிருந்தேன்.
அதை அவனிடம் சொல்லவில்லை.
கணுக்களைத் தடவிப் பார்த்து
மேல்நுனிகளில் சுண்ணாம்பு பூசிக் கொடுத்தேன்.

ஐந்து.
ஆறாவதை எடுத்து வைத்துக்கொண்டேன்,
கூலி.