ஈரவிரல்

மட்டக்களப்பில், ஏசி அறையில்,
உலர்ந்த விரலால் வரைந்தேன் அந்தத் திரையை.
வெள்ளைப் பின்னணி, சாம்பல் எழுத்து,
மூலையில் மூன்று கோடு.
தொட்டால் பட்டியல் விரியும் என்பது
எல்லோருக்கும் பிறக்கும்போதே தெரியும் என்று நினைப்பு.
பங்குனியில் ஒருநாள்
"சமர்ப்பிக்கவும்" பொத்தானை
ஒன்றரை அங்குலம் இடப்பக்கம் நகர்த்தினேன்.
காரணம் கேட்டால், அழகு.
அது இருந்த இடத்தில்
"ரத்து" வந்து குந்திக்கொண்டது.

நாலாம் நாள் வாழைச்சேனைத் துறைமுகத்திலிருந்து
போனில் ஒரு குரல்:
"தம்பி, உங்கட தராசு மீன் தின்னுது."

விடியமுன் போனேன்.
ஐஸ் நொறுக்கும் மெசினின் பல்லிரைச்சல்.
நிஃமத்துல்லாவின் ஆழ்கடல் படகு
சூரை இறக்கிக்கொண்டிருந்தது.
தராசடியில் புவிராணி,
முழங்கைவரை இரத்தமும் ஐஸ்தண்ணீரும்.
நான் செய்த திரையின் மேல்
சோற்றுப் பார்சல் சுற்றுகிற லஞ்ச்சீற்.
அதன் வலது மூலையில்
நகப்பூச்சால் ஒரு சிவப்புப் பொட்டு.

"இதென்ன?"
"அமத்துற இடம்."
"எழுத்துக் கிடக்கே அக்கா."
"ஆறு மணிக்கு மறுகா வந்து பாருங்க."

பார்த்தேன்.
கடற்பக்கமிருந்து வெயில் சாய்ந்து
சாம்பல் எழுத்தெல்லாம் அதில் கரைந்து
என் முகம் மட்டும் தெரிந்தது திரையில்,
மீசை வியர்வை உட்பட.
உப்புத்தண்ணீர்ச் சொட்டொன்று விழுந்தால்
அதையும் விரல் என்று நம்பியது.
இருபது வருடம் நைலோன் கயிறு இழுத்து
ரேகை தேய்ந்த விரலை நம்பவில்லை.
ஆகவே புவிராணி விரல் முட்டியால் குட்டுவாள்,
பொட்டைப் பார்த்துக் குட்டுவாள்.
பொட்டு இருந்த இடத்திலேயே இருந்தது.
அடியில் நான்தான் நிலத்தை மாற்றியிருந்தேன்.

அறுபத்தெட்டு கிலோ. குட்டு. ரத்து.
நாற்பத்தொன்று. குட்டு. ரத்து.
ஒரு கேள்வி கேளாமல்
மூன்று காலை மீன் கணக்கில் இல்லாமல் போயிற்று.
சங்கம் அவள் கூலியில்
ஆறாயிரத்து இருநூறு பிடித்தது.

"ஒண்டு கேக்கலாமா? இதில ‘சமர்ப்’ எண்டு கிடக்கே, என்ன அது?"
பொத்தானுக்குள் அடங்காமல்
என் தமிழ் பாதியில் அறுந்து நின்றது.
முழுச்சொல்லையும் சொன்னேன்.
சிரித்தாள். "சமர்ப்பிக்க இதென்ன கோயிலா?"

அன்று பின்னேரம் அறைக்குத் திரும்பவில்லை.
மீன்பெட்டியொன்றைக் கவிழ்த்து
மடிக்கணினியை வைத்து,
விரலைக் கடல்தண்ணீரில் நனைத்து நனைத்துத்
தொட்டுப் பார்த்தேன்.
என் பொத்தான்கள் எனக்கே வழுக்கின.

பொட்டு இருந்த இடத்துக்கே கொண்டுவந்தேன் பொத்தானை.
உள்ளங்கை அகலம்.
தனியார் பஸ் பலகைபோல் கறுப்பில் மஞ்சள்.
"பதி". இரண்டே எழுத்து.
"ரத்து" எதிர்மூலைக்குப் போயிற்று,
மூன்று எண்ணும்வரை அழுத்திப் பிடித்தால்தான் அசையும்,
அப்போதும் "அழிக்கவா?" என்று ஒருதரம் கேட்கும்.
மூன்று கோட்டை எடுத்துவிட்டேன்.
இன்றுவரை யாரும் அதைத் தேடவில்லை.
பதிந்ததும் ஒலிக்க மணியோசை வைத்தேன்.
இந்த இரைச்சலில் அதெங்க கேக்கிற என்றான்
ஐஸ் வண்டி தள்ளும் ஜெஸீல்.
பலகையில் கத்தி விழுவதுபோல் ஒரு "டொக்" வைத்தேன்.

புதுத்திரை வந்த காலை
இரண்டு கையிலும் சூரை வால்.
முழங்கையால் ஒரு தட்டு. டொக்.
அடுத்தது. டொக்.
நிமிர்ந்து பார்க்கவேயில்லை அவள்.
ஒருதரம் மட்டும், கிறுகி:
"இனி அரக்கிறதெண்டா
சொல்லிப்போட்டு அரக்குங்க."

பிழை என்னுடையது என்று
சங்கத்துக்கு இரண்டு கடிதம் எழுதினேன்.
ஆறாயிரத்து இருநூறு இன்னும் வரவில்லை.

போன கிழமை போனபோது
லஞ்ச்சீற்றைப் புதிதாக மாற்றியிருந்தார்கள்.
அதிலும், மஞ்சள் பொத்தானுக்கு நேர்மேலே,
இன்னும் காயாத
சிவப்புப் பொட்டு.