அரைக்காசு

டச்பாரில், ஒஸ்மண்ட் செலரின் மேசையில்,
தீப்பெட்டிக்குள் பஞ்சு, பஞ்சுக்குள்
அரைக்காசு.
பழமொழியில் வருவதல்ல, நிசமான அரைக்காசு.
எண்ணூற்றி எண்பது வருசம் இருக்கும்.
இங்கிலாந்துச் சந்தையொன்றில் சில்லறை இல்லாமல்
யாரோ ஒரு வெள்ளிப் பென்னியைக்
கத்தரியால் சரிபாதி வெட்டியிருக்கிறார்கள்.
இப்ஸ்விச்சில் தபால்காரனாக இருந்து செத்த
மைத்துனரின் பெட்டியோடு வந்ததாம்.

அப்போது அங்கே இரண்டு பேருக்குச் சண்டை.
அரசனுக்கும் அவனுடைய மாமன் மகளுக்கும்.
முறைக்கு மச்சாள்.
இருவரும் காசு அடித்தார்கள்.
எந்தக் காசு செல்லும் என்பது
நீ எந்தச் சந்தியில் நிற்கிறாய் என்பதைப் பொறுத்தது.
அதை எனக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

மூக்கு மற்றப் பாதியோடு போய்விட்டது.
மிச்சம் ஒரு கண், கொஞ்சம் கன்னம்,
விளிம்பில் மூன்று கோடுகள்.
அரசியின் தலையெழுத்தாக இருக்கலாம்.
அரசன் பெயரின் வாலாகவும் இருக்கலாம்.
அரசனென்றால் நாற்பத்தையாயிரம்.
அரசியென்றால் மூன்று இலட்சத்து எண்பதாயிரம்.
ஒஸ்மண்ட் கேட்பது அரசியின் விலை.
அதாவது
இல்லாத பாதிக்குத்தான் இவ்வளவு சல்லி.

பதினெட்டு வருசம் கல்முனையில், அடைவுப் பிரிவில்.
கல்லின் எடை கழிப்பேன், அரக்கு கழிப்பேன்,
அழுக்குக்கும் ஒரு புள்ளி கழிப்பேன்.
தராசில் ஏறாத எதற்கும்
இதுவரை சல்லி கொடுத்ததில்லை.

"அந்தச் சல்லிக்கு
கிணத்துக்கு மோட்டர் போடலாம்,
மறுகா குசினிக்கு ஷீட்டும் மாத்தலாம்."
குணாளன் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.
ஒழுகும் இடத்தில் வாளியை மட்டும்
என் கண்ணில் படுகிற மாதிரி வைத்தார்.

ஒரு கிழமை தவணை.
போனில் எடுத்த படத்தைப் பெருப்பித்துப் பெருப்பித்து
இரவு இரண்டு மணிக்கு அரசி.
காலையில் பல் துலக்கும்போது அரசன்.
வியாழன் மத்தியானம், சோற்றுப் பார்சலைப் பிரிக்கையில்,
இரண்டு பேரும் இல்லை,
வெறும் மூன்று கீறல்.

அதற்கு முதல் நாள், புதன்,
கவுண்டரில் ஒரு பெண். பெரியநீலாவணை விலாசம்.
ஒற்றைத் தோடு, சின்னப் பிள்ளையுடையது.
மற்றது எங்கே என்று கேட்டுவிட்டேன்.
படிவத்தில் அப்படியொரு கேள்வி கிடையாது.
அவள் கிறுகிக் கிழக்கே பார்த்தாள்.
அந்தப் பக்கம் எங்களுக்குச் சுவர், ஏசி மெஷின்.
"இது தட்டாரிட்டக் கிடந்திச்சி, திருகாணிக்கு.
மற்றது புள்ளட காதுல."

தசம் ஒன்பது கிராம் என்று எழுதினேன்.
தசம் ஒன்பதுக்குத்தான் கொடுத்தேன்.
இரண்டு தரம் எண்ணிப் பார்த்து
நன்றி சொல்லிப் போனாள்.

சனிக்கிழமை களுவாஞ்சிக்குடியில் இடம் கிடைத்தது.
காத்தான்குடி வரை மடியில் பையை
இரண்டு கையாலும் பிடித்திருந்தேன்.
உள்ளே நாற்பத்தையாயிரம்,
என் இரண்டு வளையலுக்கு
என் கிளையிலேயே எழுதி வாங்கியது.
றிஸ்மினா எடை போட்டாள். அழுக்கும் கழித்தாள்.
நான் பழக்கிய பிள்ளை.

ஒஸ்மண்ட் தேத்தண்ணி தந்தார்.
"முடிவு எடுத்தாச்சா?"
"அரசனின் விலை தாறன்" என்றேன்.
"ரசீதில அரசி என்று எழுதுங்க."
தேத்தண்ணி அவருக்குப் புரையேறியது.
"இது என்ன நியாயம் மிஸிஸ்?"
"அடைவு நியாயம். இருக்கிற பாதிக்குத்தான் சல்லி.
மற்றப் பாதியை ஆருட என்று
எழுதிவைக்க மட்டும் விடுங்க."

அவர் கல்குலேட்டரை எடுத்து
எதையோ பெருக்கி, அழித்து,
மறுபடி பெருக்கி
என் பக்கம் திருப்பினார்.
நான் அதைப் பார்க்கவில்லை.
தீப்பெட்டி மேல் வைத்த கையை
இன்னும் எடுக்கவுமில்லை.