மூன்று கம்பம் ஓட்டம், ஒரு கம்பம் நடை

விடிய ஐந்து மணி.
வவுனிக்குளக் கட்டுக்குக் கீழே போகிற றோட்டில்
என் கணக்கு இப்படித்தான் இருந்தது:
மூன்று கம்பம் ஓட்டம், ஒரு கம்பம் நடை.
போன கிழமை மின்சாரசபைக்காரர் வந்து
இரண்டு கம்பங்களுக்கு நடுவில்
புதிதாய் ஒன்றை நட்டுவிட்டுப் போனார்கள்.
எண்ணாமல் கடந்தால் வீம்பு.
எண்ணி நின்றால் களவு.

இடுப்பில் ஒரு துண்டு கிடக்கிறது,
கச்சான் பருப்பளவு.
எக்ஸ்றேயில் வெள்ளையாய், வடிவாய்க்கூடத் தெரியும்.
மார்கழியில் மட்டும் கதைக்கும்.
மற்ற மாதங்களில்
வாடகை தராத குடித்தனக்காரர் மாதிரி
கதவைச் சாத்திக்கொண்டு இருக்கும்.
ஓட முன் பத்து நிமிடம்
பாயில் படுத்தபடியே காலை மடித்து நீட்டி
அதை எழுப்பிவிடுவேன்.
சொல்லாமல் வெளிக்கிட்டால் கோபித்துக்கொள்ளும்.

மூச்சு வேறு கதை.
சூடடிக்க மெஷின் இறங்கினால்
வயல் பக்கம் தலை காட்டக்கூடாது.
நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்தத் தொடங்கும்.
அந்த மூன்று கிழமையும் பள்ளிக்கூட மைதானம்,
சுற்றிச் சுற்றி.
காவலாளி அருளப்பு கதிரையில் இருந்தபடி
"பதினொன்று" என்பார்.
ஒன்பதுதான் என்று திருத்துவேன்.
இரண்டு சுற்று அவருடைய தர்மம்.

பிறஷர் குளிசை ஓடி வந்த பிறகு.
முன்னம் போட்ட ஒருநாள்
துருசடியில் கண் இருண்டு
கொக்குகளோடு குந்தியிருந்தேன்.

ஆனால் உண்மையில் நோவது இடது முழங்கால்.
நான் நொண்டுவதைக் கண்டால்
சங்கக்கடைக்குச் சீனி வாங்க வருகிறவர்கள்
குரலைத் தாழ்த்தி
"எவடத்தில பட்டது?" என்பார்கள்.
ஒரு ஊர்ப்பெயரை எதிர்பார்த்து
முகத்தை ஆயத்தமாய் வைத்திருப்பார்கள்.
மல்லாவிச் சந்தியில்,
சண்டையெல்லாம் முடிந்து ஏழாம் வருசம்,
ஒரு கையில் ஐஸ்பழத்தோடு
சைக்கிளிலிருந்து விழுந்தேன் என்றால்
ஏமாந்துபோகிறார்கள்.
இராசபூபதி அக்காவுக்குக் கோபமே வந்தது.
சமாதானத்தில் உடைந்த காலுக்கு
ஒருவரும் குரலைத் தாழ்த்துவதில்லை.

யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில்
முழங்காலுக்கு எம்.ஆர்.ஐ. எழுதினார்கள்.
படிவத்தில் ஒரு கேள்வி:
உடம்புக்குள் உலோகம் ஏதும் உண்டா?
உண்டு என்பதற்குச் சரி போட்டேன்.
தாதி படிவத்தை மெதுவாய் மடித்தாள்.
காந்தம் இழுக்குமாம்.
முழங்காலைப் பார்க்க இடுப்பு விடாது.
உள்ளே கிழிந்ததா, தேய்ந்ததா,
ஒருவருக்கும் தெரியாமலே
திரும்பி வர ஆறு மணி பஸ்.

மெதுவாய் ஓடுங்கோ என்றாள் பிசியோ மிஸ்.
பழக எனக்கு இரண்டு வருசம் பிடித்தது.
இந்தப் பக்கத்தில் ஒருவர் ஓடினால்
அவருக்குப் பின்னால் ஏதோ வருகிறது.
ஒன்றும் வராத விடியலில் ஓடுவதற்கான வேகத்தை
நானேதான் தேடவேண்டியிருந்தது.
கதைத்தபடி ஓடக்கூடிய வேகம், அதுதான் அளவாம்.
கதைக்க ஆளில்லை.
பன்னிரண்டாம் வாய்பாட்டைச் சொல்லிக்கொண்டு ஓடுகிறேன்.
பன்னிரண்டு நாலுக்குள் மூச்சு முட்டினால்
குறைக்க வேண்டும்.
பன்னிரண்டு பத்துவரை இழுத்தால்
அன்றைக்கு நான் கொஞ்சம் ராணி.

இன்று மூன்றாவது கம்பம் வர முன்னமே
முழங்கால் கையை உயர்த்திவிட்டது.
அடியில் சிமெந்து இன்னும் காயாத
அந்தப் புதுக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
கட்டில் ஒரு மயில் என்னைப் பார்க்காமல் நடந்தது.
றைக்ரர்க்காரப் பெடியன் பெட்டியோடு வந்து
வேகத்தைக் குறைத்தான்.
"ஏறுங்கோவன் அக்கா, இறக்கிவிடுறன்."
இல்லைத் தம்பி, நான் ஓடிக்கொண்டிருக்கிறன்.
"நிண்டுகொண்டோ?"
ஓம் என்றேன்.
பன்னிரண்டு எட்டு தொண்ணூற்றாறு.