ஒன்பதாவது கட்டம்

படிவத்தில் ஒன்பதாவது கட்டம் கேட்கிறது:
'இங்கே வருமுன் என்ன மருந்து கொடுக்கப்பட்டது?'
விடை எழுத இடம் இரண்டு விரற்கடை.

சோக்கோவில், எங்கள் ஆற்றின் மேல்கரை ஊர்களில்
பாம்புக்கடி என்றால் எவுலோகியோதான்.
குவாக்கோக் கொடி இலை,
அடிப்பக்கம் ஊதா ஓடியது மட்டும்,
விடியுமுன் பறித்து
கரும்புச் சாராயத்தில் ஊறப்போட்ட புட்டி.
பாம்போடு சண்டைக்குப் போகும் பருந்து
முதலில் அந்த இலையைத் தின்னுமாம்.
நீங்கள் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டேன்.
"பருந்து என்னைக் கேட்டுக்கொண்டா சாப்பிடும்?"

ஜூலையில் தடுப்பூசிப் பெட்டியோடு போனபோது
உள்ளே கடிபட்ட பையன் ஒருவன் கிடந்தான்.
என்னை வாசலிலேயே மறித்தார்.
பிள்ளைத்தாய்ச்சி பார்வை பட்டால்
ரத்தம் நிற்காதாம்.
எனக்கு அப்போது நாலு மாதம்.
யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

நேற்று ஹாமின்டனின் படகில்
நாலு மணி நேரம் மழையில் ஊறி
வந்து இறங்கியவர் எவுலோகியோ.
இலை பறிக்கப் போன இடத்தில்
முதுகெல்லாம் பெருக்கல் குறி போட்ட ஏக்கிஸ்.
முழங்கால்வரை தோல் பளபளத்தது.
கடிவாயில் மென்ற இலை பச்சையாய் அப்பியிருந்தது.
கக்கத்தில் புட்டி.
"மோட்டாரைக் கிளப்பு என்றது அவரேதான்,
கடித்துக் கால் மணிகூட ஆகவில்லை" என்றான் ஹாமின்டன்.
வழியெல்லாம் அவர் வாய் ஏதோ முணுமுணுத்ததாம்.
ஜெபமோ வசவோ, இன்ஜின் சத்தத்தில் கேட்கவில்லையாம்.

கண்ணாடிக் குழாயில் ரத்தம் பிடித்து
இருபது நிமிடம் வைத்துச் சாய்த்தேன்.
தண்ணீராய் ஓடியது.

ஆறு குப்பி விஷமுறிவு மருந்து.
ஏற்றுவதற்கு என்னை விட்டால் ஆளில்லை.
ஏழு மாத வயிறு எனக்கு முன்னால் நடந்து போய்
கட்டிலருகே நின்றது.
அவர் வயிற்றைப் பார்த்தார்,
ஊசியைப் பார்த்தார்,
தொப்பியை எடுத்து முகத்தில் கவிழ்த்துக்கொண்டு
கையை மட்டும் நீட்டினார்.

ராத்திரி முழுக்க மழை.
விடிகாலையில் இன்னொரு குழாயைச் சாய்த்தேன்.
அசையவில்லை. கட்டியாய், கறுப்பாய்,
அடியில் உட்கார்ந்திருந்தது.
தொப்பிக்குள்ளிருந்து குரல்:
"இன்னும் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறாயா?"
ஆமாம் என்றேன்.
"பெண் பிள்ளை" என்றார். தூங்கிப்போனார்.

ஒன்பதாவது கட்டத்தில்
'இலை' என்று எழுதி அடித்தேன்.
'ஒன்றுமில்லை' என்று எழுதி
அதையும் அடித்தேன்.
மேசையில் புட்டி இருந்தது.
வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து
எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்து
அந்த அளவை மட்டும்
மில்லிலிட்டரில் எழுதினேன்.