நாடி

காக்கிக் காலரின் விளிம்புக்கு
என் கழுத்தின்மேல் என்ன பகையோ தெரியாது.
தக்கலையில் ஏறும்போது சும்மா இருக்கும்.
இரணியலில் எரியத் தொடங்கும்.
குளச்சலுக்குள் நுழைந்ததும்
உப்புக்காற்று படிக்கட்டில் தொற்றி ஏற,
சிவந்த பருக்கள் ஒவ்வொன்றும்
தனித்தனியே டிக்கெட் கேட்கும்.

முதலில் சோப்பைத் திட்டினேன்.
பிறகு கிணற்றை.
டிரைவர் வில்பின் சொன்னானென்று
படிகாரம் தேய்த்தேன்;
அன்றைக்கு முழுக்க
கழுத்தைத் திருப்பாமல்
உடம்போடு திரும்பிச் சில்லறை கொடுத்தேன்.

மருந்துக்கடைப் பெண் அனிஷா
எட்டிப் பார்த்து,
"எதிர் வழிக்கீங்களா அண்ணா?" என்றாள்.
"முடி போற வழியே போகணும்.
மழுங்கின பிளேடு வெட்டாது, பிடுங்கும்.
பிடுங்கினது தோலுக்குள்ளயே சுருண்டு முளைக்கும்."
களிம்புக்கு நாற்பத்தெட்டு ரூபாய்.
பேச்சுக்குக் காசு வாங்கவில்லை.

மழுங்கினதா?
ஒன்றாம் தேதிதானே மாற்றினேன்,
உறையில் பேனாவால் எழுதியும் வைத்தேன்.
நாலாம் தேதியே அது
என் கன்னத்தில் நொண்டுகிறது.
இருபது வருடம் பை தூக்கியவன் நான்.
டிக்கெட்டும் துட்டும் ஒத்துப்போகாவிட்டால்
வண்டிக்குள் யாரோ
சொல்லாமல் பயணம் செய்கிறார்கள்.

ஒரு ஓய்வுநாள், விடியுமுன்
குளிமுறிக் கதவிடுக்கில் செல்போன் வெளிச்சம்.
றெஜினா.
கண்ணாடியில் மூக்கு முட்ட நின்று
நாடியைத் தூக்கி
கீழிருந்து மேலாகச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.
சோப்பில்லை. தண்ணீருமில்லை.
குழாய் திறந்தால் நான் விழித்துவிடுவேனே.
வறண்ட தோலில் என் பிளேடு
ஓலைப்பாயில் நகம் இழுத்த சத்தம் போட்டது.

வந்து படுத்துக்கொண்டேன்.
பேசும்போதெல்லாம் முந்தானை நுனியை
நாடியில் வைத்துக்கொள்வாளே,
வெட்கம் என்று நினைத்திருந்தேன் பதினொரு வருடம்.
கோயிலுக்குப் போகையில்
அந்த இடத்தில் மட்டும் அப்பும் பவுடரைக்
கேலி செய்துமிருக்கிறேன், சவம்,
இந்த வாயாலேயே.
டிக்கெட்டின் பின்னால் பாக்கி எழுதிக் கொடுத்துவிட்டு
இறங்கும்போது கொடுக்காமல் விட்டவனை
எத்தனை பேர் திட்டியிருக்கிறார்கள்.
இவள் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

எப்படிச் சொல்வது?
புது ரேசரும் ஒரு கட்டுப் பிளேடும் வாங்கி
அவள் சீப்புப் பெட்டியில் வைத்தேன்.
மாலையில் அவை என் டப்பாவுக்கே திரும்பியிருந்தன,
ஒன்றும் குறையாமல்.

மறுநாள் கண்ணாடியைக் கழற்றி
அடுக்களை வாசல் ஆணியில் மாட்டினேன்.
வெந்நீரில் நனைத்த துண்டை முகத்தில் போட்டு
உள்ளிருந்தபடியே பேசினேன்,
யாரிடமும் இல்லாததுபோல:
"இது ஊறணும். ஊறினாத்தான் முடி இளகும்."
நுரைக்குள்ளிருந்து:
"அமுக்கப்பிடாது. அதுக்க பாரமே போதும்."
வேலியோரம் ஒடித்த கற்றாழையைப் பிளந்து
வழுவழுப்பைக் கழுத்தில் அப்பும்போது
விளம்பரத்தில் நடிப்பவன் மாதிரி இருந்தது, எனக்கே.

றெஜினா சாளைக்குச் செதில் உரசிக்கொண்டிருந்தாள்.
கத்தி நின்றது.
திரும்பாமலேயே,
"ஒரே எடத்துல ரெண்டுவாட்டி இழுத்தா?"
"எரியும்."
"ம்."
மறுபடி செதில் தெறித்தது.

நெடுநேரம் கழித்து
மீன்கை இரண்டையும் உடம்பிலிருந்து விலக்கிப் பிடித்தபடி
என் முன்னால் வந்து நின்றாள்.
முந்தானை தோளிலேயே கிடந்தது.
கண்ணை மூடிக்கொண்டு,
"இதுல எந்த வழி போகுதுன்னு
எனக்குத் தெரியல்ல. பாத்துச் சொல்லுங்க."

விரல் வைத்தேன்.
நாடிக்குழியில் இறக்கம்.
இடப்பக்கம் ஒரு சுழி.
தாடை ஓரம் மட்டும்
காதை நோக்கித் திரும்பி, மேலே.
என் ரூட்டில் இப்படியொரு வளைவு இல்லை.
"மெதுவா," என்றாள், "அங்க எரியும்."