அரைப் பேர்

பதுளையில் மழை.
ஸ்கோப்பைக் கழுவித் தொங்கவிடும் வேலை எனக்கு.
நேரம் எழுதுவதும் நான்தான்:
உள்ளே போனது, அடியைத் தொட்டது,
திரும்பி வெளியே வந்தது.
சிவப்புக் கோடு போட்ட கொப்பி.

கூட்டிப் பார்க்க யாரும் சொல்லவில்லை.
கரண்ட் போன ஒரு மத்தியானம், சும்மா கூட்டினேன்.
திங்களில் திரும்பி வர ஒன்பது நிமிஷம், பத்து,
ஒரு மடிப்பையும் விடாமல்.
வெள்ளி பின்னேரம் ஐந்து. சிலநாள் நாலரை.
திங்களில் மூன்றில் ஒருவருக்குப் பொலிப் கிடைக்கிறது.
வெள்ளியில் எல்லோரும் சுத்தம்.
குடல் என்ன
கிழமை பார்த்தா நோய் வளர்க்கும்?

டொக்டர் விதானகே கெட்டவரில்லை.
மாலை மெயிலுக்கு டிக்கெட் இருக்கும்,
கொழும்பில் மகளுக்குச் சனிக்கிழமை நீச்சல் போட்டி.
அவருக்கே தெரியாமல்
அவசரம் விரல்களில் இறங்கிவிடும்.

மலையில் கொழுந்து நிறை குறைந்தால்
அரைப் பேர் போடுவார்கள்.
இங்கே தராசு யார் கையில்?

முத்துராக்கு, தெமோதரை மேல்கணக்கு,
வெள்ளிக் கடைசி நம்பர்.
"திங்கள்னா ஞாயித்துக்கிழமையே மருந்தக் குடிச்சிருவேன் மிஸ்.
வெள்ளின்னா ரெண்டு பேர் போயிரும்."
லயத்துக் கக்கூஸ் பதினாறு படி கீழே,
டோர்ச் பிடிக்க மகன் வீட்டில் நிற்கணும்.
பென்சிலால் அவளைத் திங்களுக்குத் தூக்கினேன்.
சம்பளத்துக்காகத்தான் என்று
எனக்கே சொல்லிக்கொண்டேன்.

திங்கள் காலை
அவளுடைய ஒரு மடிப்புக்குப் பின்னால்
பட்டாணி அளவில் இருந்தது.
வளையம் போட்டு எடுத்தார்.

ஒருவரைத் தூக்கினால் ஒரு கட்டம் காலியாகும்.
அதில் நான் எழுதிய பெயர்
மருதவீரன், ஐம்பத்தாறு, ஹாலிஎல.

இன்று வெள்ளி. நாலேகால்.
சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார்,
குதிகால் வெடிப்பில் கழுவியும் போகாத
கவ்வாத்து மலைச் செம்மண்.
குழாய் திரும்பி வருகிறது.
ஒரு நிமிஷம்.
ஈரல் பக்க வளைவை
ஒரே வழுக்கலில் தாண்டியது.

பதினோரு வருஷமாக இந்த அறையில்
நான் வாய் திறப்பது "சரி சேர்" சொல்ல.

"சேர், அந்த வளைவு
இன்னொருக்கா."

சிங்களத்தில் சொன்னேனா, தமிழிலா,
தெரியவில்லை.
முதலில் என்னைப் பார்த்தார்,
பிறகு மணிக்கூட்டை.
வெளியே யாரோ ட்ரொலியைத் தள்ளிப் போனார்கள்.

திரையில்
மருதவீரனின் இளஞ்சிவப்பு மடிப்பொன்று
நகராமல் நின்றது.