இனம் என்ற கட்டம்

பள்ளத்தூர், ஐப்பசி பதினொன்று.
மூன்றாங்கட்டுக் கறிவேப்பிலையில்
இலைக்கொன்றாக ஒன்பது முட்டை.
ஒருத்தி இட்டதை நானே பார்த்தேன்.
பிழைத்தவை இரண்டு.
மற்றவை எறும்புக்கும் என் மறதிக்கும்.

முதலில் காக்கை எச்சம் போல இருந்தன,
யாரும் தொடாத பிழைப்பு.
பிறகு பச்சை. தொட்டால்
தலைக்குப் பின்னிருந்து சிவப்புக் கவை நீட்டி
அழுகிய எலுமிச்சை வாடையில் என்னைத் திட்டின.
ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள், முருங்கைக் குச்சியில்,
இடுப்பில் ஒற்றை நூல் கட்டிச் சாய்ந்து
உறங்கப் போயின.

கார்த்திகை பன்னிரண்டு, காலை
அவன் வந்தான். கறுப்பு,
பின்னிறகில் வெள்ளைப் புள்ளி வரிசை.
மறுநாள் இவள்.
நடுவில் வெள்ளைத் திட்டு, ஓரமெல்லாம் சிவப்புப் பிறை.
ரோஜா அழகி என்று எழுதிவிட்டு அடித்தேன்.
ரோஜா அழகிக்கு உடம்பும் சிவக்கும்,
இவள் உடம்பு கறுப்பு.
சேலை மட்டும் இரவல்.

ஸ்வீடனில் ஒருவர், முன்னொரு நாள்,
ஊசி குத்திய இறகுகளை மட்டும் பார்த்து
அவனுக்கு ஒரு பெயர், இவளுக்கு ஒரு பெயர்,
இரண்டு இனம் என்று எழுதி வைத்தார்.
கறிவேப்பிலையை அவர் எங்கே கண்டார்?
பின்னால் வந்தவர்கள்
இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டபோது
இவள் பெயரே இருவருக்கும் நிலைத்தது.
தமிழிலும் அவனைக்
கறிவேப்பிலை அழகி என்றுதான் சொல்கிறோம்.
அவன் ஆட்சேபிக்கவில்லை.

என் தம்பி வயிரவனைக்
கண்டனூரில் பிள்ளை கூட்டிக்கொண்டார்கள்,
அப்போது அவனுக்கு ஏழு வயது.
இனிஷியல் அன்றே மாறியது.
போன தையில் ஒரு கல்யாணம்,
மொய் நோட்டில் அவன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.
எழுதியவர் நிமிர்ந்து
"ஆச்சி, நீங்க இவுகளுக்கு என்ன முறை?" என்றார்.
எங்கள் இருவருக்கும்
இடக்காது மடல் கன்னத்தோடு ஒட்டியிருக்கும்.
அதற்கு நோட்டில் இடமில்லை.

மூடியைத் திறந்தேன்.
கம்பியில் இருந்த கரிச்சான்
அவனை முற்றத்துக்கு மேலே, ஓட்டுக்கு மேலே
துரத்திக்கொண்டு போனது.
திரும்பி வந்து உட்கார்ந்தபோது
இவள் அதன் மூக்கடியிலேயே போனாள்,
அவசரமே இல்லாமல்,
ஆடுதின்னாப்பாளை தின்று வளர்ந்தவள் போல.
கரிச்சான் தலை சாய்த்துப் பார்த்தது,
வகைப்படுத்தியது.
தப்பாக.

தேதி எழுதினேன், ஊர் எழுதினேன்.
இனம் என்ற கட்டத்துக்கு வந்ததும்
பேனாவை வைத்துவிட்டு மாடிக்கு ஏறினேன்,
அவன் தப்பித்தானா என்று பார்க்க.
வெயில்தான் இருந்தது.
வெள்ளைப் புள்ளி எதுவும்
கண்ணில் படவில்லை.